உறங்கும் வித்து

வித்து என்பது உயிர் குடியிருக்கும் சிறு வீடு. கடுகினும் நுண்ணிய கீரை விதையுள்ளும், இரு கைகளாலும் ஏந்த வேண்டிய தேங்காயுள்ளும், செடியாகவோ மரமாகவோ வளரவல்ல முளைக்கரு ஒன்று உறங்குகின்றது. அது விழித்தெழுந்து வேரூன்றும்வரை உண்பதற்கு வேண்டிய உணவை இயற்கை அதன் அருகிலேயே கட்டி வைத்திருக்கின்றது. புறத்தே தோலைப் போர்த்திக் காவலும் செய்திருக்கின்றது. காண்பார்க்கு வித்து உயிரற்ற பொருள்போலத் தோன்றும். ஆயினும் ஈரமும் காற்றும் தக்க வெம்மையும் ஒருங்கே கிடைத்த நாளில் அது கண்விழிக்கின்றது.

இவ்வுறக்கம் எத்துணைக் காலம் நீடிக்கும்? இது வெறும் வேடிக்கை வினா அன்று. உழவன் வாழ்வையும் ஊரின் உணவையும் தொட்ட வினா. இவ்வாண்டு எடுத்த விதை அடுத்த பட்டத்திற்குள் செத்துப் போகுமாயின், விதைப்பதற்கு ஒன்றும் இராது. ஆதலின் பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டே விதையைக் காக்கும் வழிகளையும் மனிதன் நாடலானான். தமிழ்நாட்டு உழவர் விதைநெல்லை வைக்கோற்புரியால் சுற்றிக் கோட்டை கட்டி வைத்தனர். அவரை, துவரை முதலியவற்றைச் சாம்பலோடு கலந்து மண்பானையில் இட்டு வாயை மூடினர். முற்றிய பீர்க்கையையும் சுரையையும் அடுப்பங்கரையில் புகைபடும் இடத்தில் தொங்கவிட்டனர். பசி வந்த காலத்தும் விதைக்கென ஒதுக்கியதை உணவுக்கு எடுக்கலாகாது என்பது குடும்பத்தின் எழுதாச் சட்டமாக இருந்தது.

சென்னை மாநகரின் நடுவே உள்ளது தேனாம்பேட்டை. தென்னந்தோப்புகள் மிகுந்திருந்தமையால் இவ்வூர் தென்னம்பேட்டை எனப் பெயர் பெற்று, நாளடைவில் தேனாம்பேட்டை என மருவிற்று என்பர். இதனை அடுத்துள்ள கதீட்ரல் சாலையில், தாவரநூல் வல்லுநராகிய ராபர்ட் வைட் என்பாரின் முயற்சியால் 1835-ஆம் ஆண்டில் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் செடிகளையும் விதைகளையும் வளர்த்துப் பரப்பியது. இன்று தோப்புகள் மறைந்து மாடிவீடுகள் நெருங்கி நிற்கின்றன. எனினும் மண்ணின் மீதுள்ள பற்று மறைந்திலது. மொட்டைமாடிகளில் தொட்டிகளும் பைகளும் வரிசையாக அமைந்திருக்க, அவற்றில் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் கீரையும் தழைத்து நிற்பதை இந்நகரில் பல இடங்களிலும் காணலாம்.

மாடித்தோட்டம் இடுவார்க்கு நேரும் இடர் ஒன்று உண்டு. ஒரு பொட்டலத்தில் உள்ள விதை முழுவதையும் நான்கைந்து தொட்டிகளில் விதைத்துவிட முடியாது. எஞ்சியதை அலமாரியில் வைத்து மறு ஆண்டு விதைத்தால் பாதியே முளைக்கும். அதற்கும் அடுத்த ஆண்டில் ஒன்றும் முளையாது போகும். குற்றம் விதையினது அன்று. அது வைக்கப்பட்ட சூழலினது. கடற்கரையை ஒட்டியே உள்ள இந்நகரின் காற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் ஈரம் மிகுந்திருக்கும். வெப்பமும் குறைவதில்லை. ஈரமும் வெப்பமும் சேர்ந்து விதையின் உயிரைச் சிறிது சிறிதாக அரித்துவிடுகின்றன.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிதல் வேண்டும். உறங்கும் விதையும் மூச்சுவிடுகின்றது. மிக மெல்லிய அம்மூச்சினால் அதனுள் சேர்த்துவைத்த உணவு சிறிது சிறிதாகச் செலவாகின்றது. முளைக்கருவின் நுண்ணிய உறுப்புகளும் நாளடைவில் பழுதுறுகின்றன. விதையில் நீர் மிகுந்தால் மூச்சு விரைவுபடும்; வெப்பம் மிகுந்தாலும் விரைவுபடும். மூச்சு விரையுந்தோறும் முதுமையும் விரைகின்றது. அன்றியும், ஈரவிதையைப் பூஞ்சணமும் வண்டும் எளிதில் பற்றுகின்றன. விதையின் ஆயுளை நீட்டிக்க விரும்புவார் செய்யவேண்டுவன இரண்டே: ஒன்று உலர்த்துதல், மற்றொன்று குளிர்வித்தல்.

விதை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ஹாரிங்டன் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்விரண்டின் பயனையும் எளிய விதியாக அமைத்துக் கூறினார். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையுந்தோறும் அதன் ஆயுள் இருமடங்காகும். வைக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து பாகை சென்டிகிரேடு குறையுந்தோறும் ஆயுள் மீண்டும் இருமடங்காகும் என்பது அவ்விதி. 12 விழுக்காடு ஈரமுள்ள மிளகாய் விதையை 8 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் ஆயுள் நான்கு முறை இரட்டித்து 16 மடங்காகும். 30 பாகை வெப்பமுள்ள அறையிலிருந்து 5 பாகைக் குளிருக்கு மாற்றினால் ஐந்து முறை இரட்டித்து 32 மடங்காகும். இவ்விதி ஓர் அளவுக்குட்பட்டே பொருந்தும். விதைக்கு விதை வேறுபாடும் உண்டு. வெங்காய விதை ஓரிரண்டு ஆண்டிலேயே தளர்ந்துவிடும். தக்காளி விதை அதனினும் நெடுநாள் தாங்கும். ஆகவே இக்கணக்கைக்கொண்டு ஆண்டுகளை எண்ணுதல் கூடாது. உலர்ச்சியும் குளிர்ச்சியும் எத்துணை வலிமை வாய்ந்தவை என்பதை உணர்தற்கே இக்கணக்கு உதவும்.

உலர்ச்சி ஒன்றே செய்த அருஞ்செயல் ஒன்றை இஸ்ரேல் நாட்டில் கண்டனர். அங்குள்ள மசாதா என்னும் பழங்கோட்டையை 1960-களில் அகழ்ந்தபோது பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையானவை. அவற்றுள் ஒன்றை 2005-ஆம் ஆண்டில் ஊன்றினர். அது முளைத்து மரமாயிற்று. மழையறியாப் பாலையின் வறட்சியே அவ்வுயிரை இருபது நூற்றாண்டுகள் காத்துத் தந்தது. இஃது அரிதினும் அரிய நிகழ்ச்சி. எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த கோதுமை முளைத்தது என வழங்கும் கதையோ ஆராய்ந்தபோது பொய்யாயிற்று. எல்லா விதைக்கும் அத்தகைய நீள் ஆயுள் வாய்ப்பதில்லை.

இக்காலத்தில் பல இல்லங்களில் குளிர்பதனப் பெட்டி இருக்கின்றது. அதில் ‘பிரீசர்’ என வழங்கும் உறைபனி அறை, சுழிக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகைக் குளிரைத் தரவல்லது. உலகின் பெரிய விதைக் களஞ்சியங்கள் பயன்படுத்தும் குளிரும் ஏறக்குறைய இவ்வளவே. ஆகவே நெடுங்காலம் விதை காக்கும் கருவியின் ஒரு பாதி சமையலறையிலேயே இருக்கின்றது எனலாம். மற்றப் பாதி உலர்ச்சி. அதனைக் கைக்கொள்ளாமல் விதையை உறையவிடுதல் அதனைக் கொல்லுதலே ஆகும்.

அதன் காரணம் வெளிப்படை. நீர் உறையும்போது பருத்துக் கூரிய பனிப்படிகமாகின்றது. ஈரமுள்ள விதையை உறையவிட்டால் அதன் நுண்ணறைகளுள் உள்ள நீர் பனிப்படிகமாகி அறைச்சுவர்களைக் கிழித்துவிடும். நன்கு உலர்ந்த விதையிலோ பனிக்கட்டியாதற்கு வேண்டிய நீர் இராது. எஞ்சிய சிறிதளவு நீரும் சர்க்கரைப் பொருள்களோடு கலந்து கண்ணாடி போல் இறுகி நிற்கும். அந்நிலையில் முளைக்கருவின் தொழில்கள் யாவும் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. உயிர் போவதில்லை, காலம் மட்டுமே விதையளவில் நின்றுவிட்டது போலாகின்றது. எனவே, ‘முதலில் உலர்த்துக, பின்னர்க் குளிர்விக்க’ என்பதே இக்கலையின் தலையாய விதியாகும்.

இதனை இல்லத்தில் செய்யும் முறை கடினமானதன்று. முதற்கண் நல்ல விதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கடையில் விற்கும் வீரிய ஒட்டு விதையால் வளர்ந்த செடியிலிருந்து விதை எடுத்தால், அது தாய்ச்செடியை ஒத்து வாராது. ஆதலின் சேமிப்பதற்கு ஏற்றது நாட்டு விதையே. நோயற்ற, வளமான செடியில் முதலிற் காய்த்த நற்காய் ஒன்றிரண்டைப் பறிக்காமல் முற்றவிட வேண்டும். வெண்டைக்காய் செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்கும்வரை இருக்கலாம். கத்தரிக்காய் மஞ்சள் நிறம் பெறும்வரை பழுக்க வேண்டும். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு, நீரில் ஓரிரு நாள் ஊறவிட்டுக் கழுவினால் நீங்கிவிடும்.

அடுத்தது உலர்த்துதல். விதையைக் காகிதத்திலோ துணியிலோ பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் வைக்க வேண்டும். காலையிளவெயில் தீங்கு செய்யாது. நண்பகலில் மொட்டைமாடித் தளத்தின் சூடு முளைக்கருவைக் கொன்றுவிடும். சில நாள் சென்றபின் பார்த்தால் விதை உலர்ந்ததுபோலத் தோன்றும். ஆனால் சென்னையின் காற்றில் எத்துணை நாள் வைத்தாலும் காற்றிலுள்ள ஈரத்திற்கு ஏற்ற அளவு நீர் விதையில் தங்கியே இருக்கும். அதனையும் நீக்கவேண்டின், ஈரத்தை உறிஞ்சும் பொருளொன்று துணைவர வேண்டும். மருந்துக் குப்பிகளிலும் புதிய காலணிப் பெட்டிகளிலும் சிறு பொட்டலங்களாக வரும் சிலிக்கா ஜெல் அதற்கு ஏற்றது. விதையின் எடையளவு சிலிக்கா ஜெல்லை எடுத்து, விதையை மெல்லிய துணிப்பையிலோ காகித உறையிலோ இட்டு, இரண்டையும் ஒரே கண்ணாடிச் சீசாவில் வைத்து ஒரு வாரம் இறுக மூடிவைத்தல் வேண்டும். அது கிடையாவிடத்து, ஈரமறச் சூடாக்கி ஆறவிட்ட அரிசியையும் இவ்வாறு பயன்படுத்தலாம். நன்கு உலர்ந்த அவரை விதையைச் சுத்தியால் தட்டினால் அது நசுங்காது, நொறுங்கும். பூசணி விதையை வளைத்தால் அது வளையாது, முறியும். இதுவே இல்லத்தார் கண்டறியத்தக்க அடையாளம்.

உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத மூடியுடைய சிறு சீசாவில் இட்டு, உள்ளே பயிரின் பெயரும் இனமும் எடுத்த ஆண்டும் எழுதிய சீட்டையும் வைக்க வேண்டும். பெயரறியா விதை முகவரியில்லா மடல் போன்றது. அது பிழைத்திருந்தும் பயனில்லை. பின்னர்ச் சீசாவை உறைபனி அறையின் உட்புறத்தில், கதவிலிருந்து விலகியிருக்குமாறு வைக்கலாம். மின்சாரம் சில மணிநேரம் நின்றாலும் அஞ்ச வேண்டுவதில்லை. விதை உலர்ந்தும் சீசா இறுக மூடியும் இருப்பின், சிறிது நேரம் குளிர் தணிவதால் பெருந்தீங்கு நேராது. ஆயினும் அடிக்கடி வெளியே எடுப்பதும் உள்ளே வைப்பதும் தகா. அதனால்தான் ஒவ்வொரு பட்டத்திற்கும் வேண்டும் அளவைத் தனித்தனிச் சிறு உறைகளில் இட்டுவைத்தல் நலம்.

வெளியே எடுக்குங்காலும் ஒரு கருத்து வேண்டும். குளிர்ந்த சீசாவை எடுத்தவுடன் திறந்தால், காற்றிலுள்ள ஈரம் விதைமீது பனித்துளியாகப் படியும். பல நாள் முயன்று பெற்ற உலர்ச்சி ஒரு நொடியில் கெடும். ஆதலின் சீசாவைத் திறவாமலேயே ஓர் இரவு வெளியே வைத்து, அறையின் வெப்பத்தை அடைந்தபின் திறத்தல் வேண்டும்.

சேமித்த விதை உயிரோடிருக்கின்றதா என்பதை எவ்வாறு அறிவது? இருபது விதைகளை எடுத்து ஈரத்துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, துணி உலராதபடி நீர் தெளித்துவர வேண்டும். பத்து நாளில் பதினைந்து முளைத்தால் முளைப்புத் திறன் 75 விழுக்காடு. இவ்வாய்வு தமிழர்க்குப் புதியதன்று. ஊர்த் திருவிழாக்களில் மகளிர் மண்கலங்களில் நவதானியம் விதைத்து வளர்த்து எடுத்துச் செல்லும் முளைப்பாரி, வழிபாடாக இருப்பதோடு, விதையின் தரத்தைக் கண்டறிய உதவும் வழியாகவும் அமைந்தது என்பர். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியின்படி விதைக்கப் புகுவார், எந்த வீட்டு விதை செழித்து முளைத்தது என்பதை அதனால் அறிந்துகொள்ள இடமிருந்தது.

உலர்த்திக் குளிர்விக்கும் இம்முறை எல்லா விதைக்கும் ஒவ்வாது. தேனாம்பேட்டைக்குப் பெயர் தந்ததாகக் கூறப்பெறும் தென்னையே அதற்குச் சான்று. தென்னையின் முளைக்கரு உலர்ச்சியைத் தாங்காது. உலர்த்தினாலும் சாகும், உறையவிட்டாலும் சாகும். மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் நாவற்கொட்டையும் அவ்வினத்தனவே. வேப்பமுத்தோ விழுந்த சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கும். இத்தகைய மரங்களை மரமாகவே வைத்துக் காக்க வேண்டும். 1916-ஆம் ஆண்டில் அந்நாளைய சென்னை மாகாண அரசினர் காசர்கோட்டில் தென்னை ஆராய்ச்சி நிலையமொன்றை அமைத்தனர். அந்நிலையத்தின் வழிவந்த மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பல நாட்டுத் தென்னை இனங்களைக் கர்நாடகத்திலுள்ள கிடு என்னும் ஊர்ப் பண்ணையில் மரங்களாக வளர்த்து வருகின்றது. சீசாவில் அடங்காத உயிர்க்கு நிலமே பெட்டகம் என்க.

ஒரு குடும்பம் தன் தோட்டத்திற்காகச் செய்யும் இச்செயலை நாடுகளும் தம் மக்களுக்காகச் செய்கின்றன. புதிய உயர்விளைச்சல் இனங்கள் பரவியபோது, ஊர்தோறும் வழங்கிய பழைய இனங்கள் பலவற்றை உழவர் கைவிடலாயினர். ஒரு நெல்லினம் மறைந்தால், வெள்ளத்தைத் தாங்கும் ஆற்றலோ, உவர்நிலத்தில் விளையும் தன்மையோ அதனோடு மறைந்துபோகக்கூடும். மறைந்ததை மீண்டும் ஆக்க எந்த அறிஞராலும் இயலாது. இதனை முன்னரே உணர்ந்தவர் நிக்கலாய் வவிலோவ் என்னும் உருசிய அறிஞர். அவர் பல கண்டங்களிலும் சுற்றி விதைகளைத் தொகுத்து லெனின்கிராடு நகரில் சேர்த்தார். இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1944 வரை அந்நகரம் பகைவரால் முற்றுகையிடப்பட்டது. உணவின்றி மக்கள் மாண்டனர். விதைக் களஞ்சியத்தில் இருந்த அறிஞரோ, தம் கைக்கெட்டிய நெல்லையும் கோதுமையையும் கடலையையும் உண்ணாது காத்தனர். நெல் விதைகளின் காப்பாளராகிய திமித்ரி இவானோவ், ஆயிரக்கணக்கான நெற்பொட்டலங்களின் நடுவே பசியால் உயிர்நீத்தார். விதைக்கென ஒதுக்கியதைத் தொடலாகாது என்னும் உழவர் அறத்தை அவ்வறிஞர்கள் தம் உயிரைக் கொடுத்து நிறுவினர்.

இந்நாளில் நார்வே நாட்டைச் சேர்ந்த சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில், வடதுருவத்தை அடுத்த மலையொன்றைக் குடைந்து உலக விதைப் பெட்டகம் அமைத்திருக்கின்றனர். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. பல நாடுகளும் தம் விதைகளின் ஒரு பகுதியை அங்கே அடைக்கலமாக வைத்திருக்கின்றன. சிரியா நாட்டின் அலெப்போ நகரை அடுத்திருந்த பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் களஞ்சியத்தை உள்நாட்டுப் போரினால் அணுக முடியாது போயிற்று. அந்நிலையத்தார் 2015-ஆம் ஆண்டில் சுவால்பார்டில் வைத்திருந்த தம் விதைகளைப் பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017-ஆம் ஆண்டில் மீண்டும் அங்கே விதைகளை அனுப்பினர். பாரத நாட்டிலும் புதுதில்லியில் உள்ள தேசிய மரபணு வங்கி நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பயிர் மாதிரிகளைக் காத்து வருகின்றது. இமயமலைப் பகுதியில் லடாக்கின் சாங்லா கணவாயை அடுத்தும், இயற்கைக் குளிரைத் துணைக்கொண்டு விதைக் களஞ்சியம் ஒன்று அமைக்கப்பெற்றுள்ளது.

இத்துறையில் பெரும்பணி ஆற்றிய தமிழர் ஒருவர் தேனாம்பேட்டையில் வாழ்ந்தார். அவரே எம். எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்தில் 1925-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் பிறந்த அவர், 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் மக்கள் பசியால் மடிந்ததை அறிந்து உள்ளம் நொந்து, வேளாண்மைக் கல்வியை மேற்கொண்டார். கோதுமைப் புரட்சிக்கு வழிகாட்டியவர் என உலகம் அவரைப் போற்றும். உயர்விளைச்சல் இனங்களைப் பரப்பிய அவரே, பழைய இனங்கள் மறையாது காக்கப்பட வேண்டும் என்பதையும் வற்புறுத்தினார். 1982 முதல் 1988 வரை பிலிப்பைன்சு நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராகவும் அவர் விளங்கினார்.

அந்நிலையத்தின் குளிர்க் களஞ்சியம் செய்த நன்மைகள் இரண்டினை இங்கே குறிப்பிடுதல் தகும். கம்போடியா நாட்டில் 1970-களில் நேர்ந்த போரும் கொடுங்கோன்மையும் உழவைச் சிதைத்தன. பசியால் வாடிய மக்கள் விதைநெல்லையும் உண்ணும்படி ஆயிற்று; பழைய இனங்கள் பல வயலில் இல்லாது போயின. ஆனால் போர் முற்றுமுன் அந்நாட்டு நெல்லினங்களின் விதைகள் தொகுக்கப்பட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் காக்கப்பட்டிருந்தன. 1980-களில் அவற்றுள் பல நூறு இனங்கள் கம்போடிய உழவர்க்கே திருப்பியளிக்கப்பெற்றன. மற்றொன்று, புகையான் என்னும் பூச்சி பரப்பும் புல்தழைக் குட்டை நோயைப் பற்றியது. ஆசிய நாடுகளின் நெல்வயல்களை அது பாழ்செய்தபோது, அதனை எதிர்த்து நிற்கும் நெல்லைத் தேடி ஆராய்ச்சியாளர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை ஆய்ந்தனர். ஒன்றே ஒன்று தேறியது. அது 1963-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லின் விதை. உணவுக்காக யாரும் பயிரிடாத அப்புல்லின் ஆற்றல், ஒட்டுக் கலப்பினால் பல கோடி மக்களின் உணவுப் பயிர்க்கு வந்து சேர்ந்தது. எந்த விதை எந்நாளில் உதவும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆகவேதான் எளியதென எண்ணி எதனையும் விடலாகாது.

உலக உணவுப் பரிசை 1987-ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பெற்ற சுவாமிநாதன், 1988-ஆம் ஆண்டில் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தரமணியில் உள்ள அந்நிறுவனத்தில் உழவரும் பழங்குடி மக்களும் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய இனங்களின் விதைகளைக் காக்கும் சமுதாய மரபணு வங்கி இயங்குகின்றது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களுக்கு ஊர் விதை வங்கிகள் அமையவும் அந்நிறுவனம் துணைநின்றது. விதையைக் காத்தவர் உழவர். ஆதலின் அதனால் வரும் பயனில் அவர்க்கும் உரிமை உண்டு என்பது அவர் கொள்கை. உழவர் உரிமையை ஏற்றுக்கொள்ளும் பயிர் இனப் பாதுகாப்புச் சட்டம் 2001-ஆம் ஆண்டில் இந்நாட்டில் நிறைவேறியது. சுவாமிநாதன் 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் தேனாம்பேட்டையிலுள்ள தம் இல்லத்தில் இயற்கை எய்தினார். மறு ஆண்டில் அவர்க்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பெற்றது.

குளிர்க் களஞ்சியத்தால் ஆகாத செயல் ஒன்று உண்டு. உறைந்த விதை மாறுவதில்லை. வயலில் ஆண்டுதோறும் விளையும் பயிரோ மாறும் மழைக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுத்துத் தன்னைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கின்றது. அன்றியும், ஓர் இனத்தை எப்பருவத்தில் விதைப்பது, எந்நிலத்திற்கு அஃது ஏற்றது, எவ்வகை உணவுக்கு உதவும் என்பன போன்ற அறிவு சீசாவில் தங்காது. பயிரிடும் மக்களிடத்தே தங்கும். இதனை நன்குணர்ந்தவர் திருவாரூர் மாவட்டத்தில் வாழ்ந்த நெல் ஜெயராமன். அவர் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை முதலாக 174 பழைய நெல்லினங்களை மீட்டுத் தொகுத்தார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, வந்த உழவர்க்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுத்து, மறு ஆண்டில் நான்கு கிலோவாகத் திருப்பித் தரக் கேட்டார். இவ்வாறு விதை வீட்டுக்கு வீடு பரவிற்று. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பரப்பிய நெல்லினங்கள் இன்றும் வயல்களில் விளைகின்றன.

எனவே விதையைக் காத்தலில் இரு கடமைகள் உள. வறட்சியோ வெள்ளமோ போரோ வந்து வயலை அழித்தாலும் எஞ்சி நிற்குமாறு ஒரு பகுதியைக் குளிரில் வைத்தல் ஒன்று. அவ்விதை மண்ணை மறவாதபடி அவ்வப்போது எடுத்து விதைத்து, புதுவிதை கொண்டு மீண்டும் நிரப்புதல் மற்றொன்று. பெருங் களஞ்சியங்களிலும் இதுவே முறை. முளைப்புத் திறன் குறையக் கண்டால் அவ்விதையைப் பயிரிட்டுப் புதுப்பிக்கின்றனர். முதற்கடமையை மட்டும் செய்தால் விதை காட்சிப் பொருளாகிவிடும். இரண்டாவதை மட்டும் செய்தால் ஒரு பொய்த்த மழையில் யாவும் தொலைந்துபோகும்.

மொட்டைமாடியில் வளரும் நாட்டுக் கத்தரி ஒன்றின் விதையை உலர்த்தி, பெயரெழுதி, உறைபனி அறையில் வைப்பதும், அடுத்த ஆடியில் அதில் ஒரு பங்கை விதைத்து, ஒரு பங்கை அண்டை வீட்டாருக்கு ஈவதும் மாணவராலும் இயலும் பணிகளே. உண்டு களித்த காயின் சுவையைப் பின்வருவாரும் அறிய வேண்டும் என்று எண்ணுபவர், ஒரு காயையேனும் பறிக்காமல் முற்றவிடுவர்.